வால்டர் மாமாவின் எச்சில்

ஹைதராபாத்
8 ஜனவரி 2024

அன்புள்ள வால்டர் மாமாவுக்கு,

ஜெஸ்லின் வணக்கத்தோடு எழுதுவது. நான் இங்கே சுகம். ஹாஸ்டல் சாம்பார் மட்டும் சுகமில்லை. நீங்களும் ரெஜி அத்தையும் சுகம்தானே? போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டாம் நிமிடமே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

என் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. சில குடும்பங்களில் மட்டும் சர்க்கரை நோய் ஏன் பாய் விரித்துப் படுத்துவிடுகிறது என்று பார்க்கிறோம். நம் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? தாத்தாவுக்கு இருந்தது. அம்மா பல வருடமாக மாத்திரை போடுகிறாள். ஃப்ராங்க்ளின் மாமாவுக்குப் போன வருடம் கால் கட்டைவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அம்மாவோடு பிறந்தவர்களில் இதுவரை பரிசோதனை பக்கமே போகாதவர் நீங்கள்தான்.

இத்துடன் ஒரு பெட்டி. உள்ளே ஒரு குழாய். அதில் கோடு வரை எச்சில் துப்பி, மூடி, கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவும் ஃப்ராங்க்ளின் மாமாவும் அனுப்பிவிட்டார்கள். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. உங்களுக்கு இது பெரிய சோதனை என்று தெரியும்.

அப்படியே பக்கத்து லேபில் ரத்தச் சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், மாமா.

அத்தைக்கு ஒரு முத்தம்.

உங்கள் மருமகள்
ஜெஸ்லின்


இராயபுரம்
29 ஜனவரி 2024

வங்கக் கடலுக்கு மேற்கே, பனைமரத் தொட்டிக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் பேரரசின் பட்டத்து மாமனாகிய வால்டர், அறிவின் கலங்கரை விளக்கமாகிய மருமகள் ஜெஸ்லினுக்கு வரையும் ஓலை.

நான் நலம். உன் அத்தை நலம், அவள் குரல் அதைவிட நலம். உன் நலத்தையும் அந்தச் சாம்பாரின் நலத்தையும் அறிய ஆவல்.

பெட்டி வந்தது. கூரியர்காரன் ஹைதராபாத், ஹைதராபாத் என்று தெருவில் கூவியதில், எனக்கு பிரியாணி வந்திருக்கிறது என்று நம்பி அக்கம்பக்கத்தார் தட்டோடு வந்துவிட்டார்கள். எச்சில் துப்பும் குழாய் என்றதும் இரங்கல் கூட்டம் போலக் கலைந்தார்கள்.

துப்பிய வரலாற்றைக் கேள். அரை மணி நேரம் பட்டினி கிடந்தேன். நான் இளைத்த இளைப்பில் உன் அத்தை கதவைத் திறந்து, யார் வேண்டும் என்று கேட்டாள். என் வயிற்று இரைச்சலைப் புயல் எச்சரிக்கை என்று நினைத்துக் காசிமேட்டுப் படகுகள் பாதிக் கடலில் திரும்பின. பிறகு துப்பினேன். என் எச்சிலை நானேதான் துப்பினேன். என் சொந்த வாயால், என் சொந்த நாக்கின் ஒத்தாசையோடு, வேறு எந்த மனிதப் பிறவியின் உதவியும் இல்லாமல் துப்பினேன். தேசப்பன் பக்கத்தில் இருந்தான் என்பது உண்மை. அவன் சும்மாதான் இருந்தான்.

தேசப்பனை உனக்கு நினைவிருக்கும். துறைமுகத்தில் நான் மேலே கிரேனில் உட்கார்ந்திருக்க, கீழே நின்று கைகாட்டுகிறவன். கட்டைவிரலைக் கீழ்நோக்கி ஆட்டினால் நான் இறக்க வேண்டும். உள்ளங்கையை விரித்தால் அந்தரத்திலேயே நிறுத்த வேண்டும். மேலே இருக்கும் எனக்கு அவன் கைதான் கண். உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் லீவு போட்டவனில்லை. கப்பல் துருப்பிடிக்கும், தேசப்பன் துருப்பிடிக்க மாட்டான். ஊசி என்பதை அவன் தையற்கடையில்தான் பார்த்திருக்கிறான்.

ரத்தப் பரிசோதனைக்கும் கிளம்பத்தான் கிளம்பினேன். லேப் இருக்கும் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பள்ளம் பூமியின் அந்தப் பக்கம் வரை போய்விட்டது. நேற்று ஒரு அமெரிக்காக்காரன் அதன் வழியாக ஏறி வந்து டீ குடித்துவிட்டுப் போனான். மூடட்டும், போகிறேன்.

தொண்டை வறண்டு கிடக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து கையெழுத்திடுகிறேன்.

குடித்தாயிற்று. ஒரு சொம்பு.

இப்படிக்கு
வால்டர்


ஹைதராபாத்
10 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெஸ்லின் எழுதுவது. இங்கே குளிர் குறைந்துவிட்டது, நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் குழாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. கோட்டுக்கு மேலேயே நிரம்பியிருந்தது.

எச்சிலில் சர்க்கரை எப்படித் தெரியும், நக்கிப் பார்ப்பார்களா என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். எச்சிலில் நாங்கள் சர்க்கரையைத் தேடுவதில்லை, மரபணுவைப் படிக்கிறோம். அப்பா அம்மாவிடமிருந்து நமக்கு வந்திருக்கும் முந்நூறு கோடி எழுத்து அது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்துதான். அங்கங்கே ஒன்றிரண்டு மாறியிருக்கும். மாறிய இடங்களில் சில, ஒவ்வொன்றும் துளித் துளியாக, ஒருவரைச் சர்க்கரை நோயின் பக்கம் தள்ளும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிதான் சர்க்கரை, ரோடுதான் ரத்தம். கேட்டைத் திறந்து லாரியை உள்ளே விடுகிற ஆள் இன்சுலின். எழுத்து மாறியவர்கள் சிலருக்குப் பிறவியிலேயே கேட்டில் ஆள் குறைவு. ஆனாலும் லாரியைக் கொஞ்சமாக அனுப்பினால் ரோடு ஓடும். கேட்டில் ஆள் நிறைய இருந்தாலும் ராப்பகலாக லாரி விட்டால் ரோடு அடைத்துக்கொள்ளும். அதனால் எழுத்தின் மேல் முழுப் பழியும் போட முடியாது. எழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆடவும் முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததாக எழுதியிருந்தீர்கள். அடிக்கடி இப்படித் தாகம் எடுக்கிறதா?

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஜெஸ்லின்


இராயபுரம்
1 மார்ச் 2024

முந்நூறு கோடி எழுத்தையும் மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்கும் மருமகளுக்கு, முப்பது எழுத்தில் நாற்பது பிழை விட்டு வாத்தியாரை வேலையை விட்டே ஓடவைத்த மாமன் வால்டர் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு வேளாங்கண்ணி மாதா பொறுப்பு.

லாரிக் கதை படித்தேன். கேட்டில் ஆள் குறைவு என்பதை யூனியனில் எழுப்புகிறேன்.

இது தவக்காலம். நாற்பது நாளும் இறைச்சி இல்லை. இந்தத் தியாகத்தை உடம்பு தாங்க வேண்டுமே என்பதற்காக இனிப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். அல்வா இறைச்சி அல்ல என்பதில் திருச்சபைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சௌகார்பேட்டையில் நான் நுழைந்தால் ஜிலேபிகள் தாமாகவே எழுந்து நின்று வழிவிடுகின்றன.

தாகம் பற்றிக் கேட்டிருந்தாய். வெயில். வேறொன்றுமில்லை. பூண்டி ஏரியில் தண்ணீர் குறைந்ததற்கு என்னைக் காரணம் சொல்வது எதிரிகளின் சதி.

பள்ளம் இன்னும் மூடவில்லை.

அன்பு மாமன்
வால்டர்

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்) ஜெஸ்லினு கண்ணு, நான் அத்த. கவரு ஒட்றதுக்குள்ள எய்துறேன். ராத்திரில நாலு தபா எயுந்துக்கிறாரு. கேட்டா வெயிலுன்றாரு. மாசி மாசத்துல இன்னா வெயிலு? ஷூ கடிச்ச புண்ணு பொங்கல்லேர்ந்து கால்ல அப்டியே கீது. நான் கேட்டா கப்பலு, ராஜான்னு கத வுட்றாரு. பள்ளத்த மூடி பத்து நாளாச்சி. நீ கேளு.


ஹைதராபாத்
20 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? கால் புண்ணைப் பற்றிக் கேட்டு இரண்டு கடிதம் போட்டேன், இரண்டுக்கும் பதில் இல்லை. போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார்கள்; நீங்கள் எப்போதும் பாத்ரூமில் இருக்கிறீர்கள்.

முடிவுகள் வந்துவிட்டன. பெட்டியோடு வந்த படிவத்தில், முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பம் என்ற கட்டத்தில் நீங்கள் போட்ட டிக் அடுத்த பக்கம் வரை போயிருந்ததால் சொல்கிறேன். உங்கள் பெயர் ஒட்டிய குழாயில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மாற்றங்கள் நிறைய இருக்கின்றன. வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். வந்துவிட்டதா இல்லையா என்பதை ரத்தம்தான் சொல்லும்.

இரண்டாவது விஷயத்தை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். அம்மாவும் ஃப்ராங்க்ளின் மாமாவும் கூடப் பிறந்தவர்கள் என்பது எழுத்தைப் பார்த்த உடனே தெரிகிறது. உங்கள் குழாயில் இருப்பவருக்கும் அந்த இரண்டு பேருக்கும் எந்த உறவும் இல்லை. தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

குழாய் எங்காவது மாறியிருக்கலாம். வேறு ஏதாவது நடந்திருக்கலாம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் எழுதுங்கள்.

கவலையோடு
ஜெஸ்லின்


இராயபுரம்
30 மே 2024

மேன்மை தங்கிய மருமகளுக்கு, இதுவரை வால்டர் என்று அறியப்பட்டவர் எழுதுவது. இவ்விடம் அரச நலம்.

வாய்ப்பு அதிகம் என்று எழுதியிருந்தாய். கண் கலங்கிவிட்டது. இளமையில் குத்துச்சண்டையில் வாய்ப்பு கேட்டேன், மூக்கு உடைந்தது. கோயில் பாடற்குழுவில் வாய்ப்பு கேட்டேன், ஆர்மோனியம் உடைந்தது. ஐம்பத்து நாலு வயதில், கேட்காமலே, ஒருவர் எனக்கு வாய்ப்பு அதிகம் என்கிறார். போகட்டும்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். உண்மையை எத்தனை நாள் மூடி வைப்பது? நான் பிறந்த அன்று துறைமுகத்தில் ஒரு போர்ச்சுக்கல் கப்பல் நின்றது. அதில் ஒரு இளவரசி, நிறைமாதம். அலை ஆட்டியதில் வலி எடுத்து, எங்கள் அம்மா இருந்த அதே பிரசவ வார்டில் அடுத்த கட்டிலில் அவளைச் சேர்த்தார்கள். கரன்ட் போனது. நர்ஸ் இருட்டில் தொட்டிலை மாற்றினாள். என் மூக்கைப் பார், அது உடைந்ததற்கு முந்திய போட்டோவில். இனிமேல் நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் குடும்ப கௌரவம் கருதி யாரிடமும் இதைச் சொல்லவில்லை. டீக்கடையில் மட்டும் சொன்னேன்.

வேறு விசேஷமில்லை. தேசப்பன் நாலைந்து நாளாக டீ மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். தன் டீயில் மட்டும் சர்க்கரையே இல்லை என்கிறான். ஏன் அப்படி என்று எனக்கும் விளங்கவில்லை. மாஸ்டரிடம் நான் பேசியதெல்லாம் பொதுவான விஷயங்கள்தான்.

அரச முத்திரையுடன்
வால்டர்


ஹைதராபாத்
8 ஜூன் 2024

மாமா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

டீக்கடையில் நீங்கள் சொன்னது காசிமேட்டு ஏலக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து அம்மாவின் மீன் கூடையில் விழுந்துவிட்டது. வழியிலேயே இளவரசி, கப்பல், நர்ஸ் எல்லோரும் தொலைந்துபோனார்கள். மீன்காரம்மா அம்மாவிடம் கேட்டது இவ்வளவுதான்: "ஃபாத்திமாக்கா, உன் தம்பி உங்க நைனாக்குப் பொறக்கலியாமே?"

அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம் போனில் கேட்டாள், ஆராய்ச்சியில் அப்படி வந்ததா என்று. யாருடைய முடிவையும் வெளியே சொல்லக் கூடாது என்று விதி, அம்மா, என்றேன். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். வருகிற பதினாறாம் தேதி ஞாயிறு காலைப் பூசைக்குச் சொல்லியிருக்கிறாள். அதற்குக் கொடுத்த வேண்டுதல் என்ன தெரியுமா? "மறைந்த தாயார் சிலுவையம்மாள் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகள் மன்னிக்கப்பட." பூசைக்கு முன் அதை மைக்கில் படிப்பார்கள். கோயிலே கேட்கும்.

பாட்டி எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அம்மாவிடம் சொல்ல என்னிடம் இருப்பது ஊகம். பதில் உங்களிடம் இருக்கிறது.

அது உங்கள் எச்சிலா?

ஜெஸ்லின்


இராயபுரம்
17 ஜூன் 2024

மருமகளே,

பட்டம், விருது எதையும் போடவில்லை. நேற்று கோயில் வாசலிலேயே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

உன் கடிதம் வந்த அன்றே அக்கா வீட்டுக்குப் போனேன். என் குரல் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டாள். மறுநாளும் சாத்தினாள். சனிக்கிழமை ஜன்னலையும் சேர்த்துச் சாத்தினாள். வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். தேசப்பனையும் கூப்பிட்டுக்கொண்டேன். எனக்குப் பயம் என்பதால் அல்ல. அவன் கோயிலைப் பார்த்ததில்லை என்பதால்.

அக்கா முதல் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். உன் ஃப்ராங்க்ளின் மாமா பக்கத்தில், காலை நீட்டிக்கொண்டு. உபதேசியார் மைக்கைத் தட்டினார். இன்னாரின் பிறந்த நாள், இன்னாரின் வேலைக்காக, இன்னாரின் சுகத்துக்காக என்று படித்துக்கொண்டே வந்தார். மறைந்த தாயார் என்று தொடங்கினார். சிலுவையம்மாள் என்றார். அடுத்த வார்த்தை வருவதற்குள் நான் எழுந்துவிட்டேன். முன்னால் இருந்த பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஃபாதர், அந்த எச்சி என்னுது இல்ல," என்றேன். "எங்கம்மா மேல ஒரு கறையும் கெடயாது. துப்புனது தேசப்பன். டெஸ்டுக்குப் பயந்துக்கினு நான்தான் ஆள மாத்திட்டேன்."

மைக் இல்லாமலே நடுக்கடல் வரை கேட்டது. கோயிலில் மூவாயிரம் பேர். சரி, முந்நூறு பேர். எல்லோரும் திரும்பிக் கடைசியில் நின்ற தேசப்பனைப் பார்த்தார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். மௌனம் எனக்கு ஒத்துவராது என்பது உனக்குத் தெரியும். நான் உடனே, அம்மா எப்பேர்ப்பட்டவள் தெரியுமா, அவள் ஜெபம் சொன்னால் சுனாமியே திரும்பிப் போகும் என்று ஏற்றத் தொடங்கினேன். தேசப்பன் தூரத்திலிருந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். என் வாய் அந்தரத்திலேயே நின்றது. பிறகு கட்டைவிரலைக் கீழே மெல்ல ஆட்டினான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபாதர் கொஞ்ச நேரம் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார், அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பிறகு, சிலுவையம்மாளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பொய் சொல்லும் பிள்ளைகளின் மனமாற்றத்துக்காக என்று திருத்திப் படிக்கச் சொன்னார்.

பூசை முடிந்து அக்கா நேராக என்னிடம் வந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். அதிலேயே நான் அவள் தம்பி என்பது கோயிலுக்கே உறுதியாகிவிட்டது.

ஏன் ஆளை மாற்றினாய் என்று மட்டும் கேட்காதே.

வால்டர்


ஹைதராபாத்
26 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக இருங்கள். முதுகு எப்படி இருக்கிறது? அம்மா போனில் சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஃப்ராங்க்ளின் மாமாவுக்கு விரல் எடுத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது நீங்கள்தான் என்று அம்மா சொன்னாள்.

ஆனால் தேசப்பன் மாமாவுக்கு நாம் செய்தது தப்பு. அவர் எழுத்தை அவர் சம்மதம் இல்லாமல் படித்துவிட்டோம். படிவம் அனுப்புகிறேன், படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் குழாயை அழித்துவிடுவோம். அந்தக் குழாயின் முடிவு என்ன என்று மறுபடி நான் எழுத முடியாது. உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். டீ மாஸ்டரிடம் ரகசியமாகச் சொல்வதற்குப் பதிலாக அவரிடமே சொல்லி, ரத்தம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூட்டிக்கொண்டு போய்ச் சும்மா பக்கத்தில் நிற்க வேண்டாம். நீங்களும் கையை நீட்டுங்கள்.

புதுக் குழாயும் வைத்திருக்கிறேன்.

அன்புடன்
ஜெஸ்லின்


இராயபுரம்
20 ஜூலை 2024

பரிசோதனைகளின் பேரரசிக்கு, வால்டர் எழுதும் வெற்றிச் செய்தி. அனைவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை எண்களோடு எழுதுகிறேன்.

தேசப்பனிடம் சொன்னேன். இரண்டு நாள் கிரேனுக்குக் கீழே நின்று கையை மட்டும் காட்டினான், முகத்தைக் காட்டவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "வா மாமு, ரெண்டு பேரும் போலாம்" என்றான். லேபில் ஊசியைப் பார்த்ததும் அந்த இரும்பு மனிதன் என் கையைப் பிடித்த பிடியில் என் கடிகாரம் நின்றுவிட்டது. அவனுக்கு முந்நூற்று நாற்பது. பள்ளிக்கூடத்தில் எடுக்காத மார்க்கை ரத்தத்தில் எடுத்துவிட்டதாகச் சொல்லி வீட்டில் அழுதிருக்கிறான். சரியான நேரத்தில் வந்தீர்கள், சிறுநீரகம் தப்பியது என்றாராம் டாக்டர். அவன் மனைவி எனக்கு வஞ்சிர மீன் கொடுத்தனுப்பினாள். அவனும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான், அனுப்பியிருக்கிறேன்.

துணைக்கு வந்த உன் அத்தைக்கும் பார்த்தார்கள். தொண்ணூற்று நாலு. ரத்தம் எடுத்த பெண்ணையும் விசாரித்தேன், அவளுக்குப் போன மாதம் எண்பத்தெட்டாம்.

புதுக் குழாயில் துப்பி அனுப்பியிருக்கிறேன். உன் அத்தை டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

என்றும் உன்
வால்டர்


ஹைதராபாத்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் எச்சில் வந்தது. நீங்கள் பாட்டியின் மகன்தான், அம்மாவின் தம்பிதான், போர்ச்சுக்கலுக்கும் உங்களுக்கும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் ஃப்ராங்க்ளின் மாமாவுக்கும் இருக்கிற அதே எழுத்து மாற்றங்களில் பாதிக்கு மேல் உங்களுக்கும் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தேசப்பன் மாமாவின் எண் இருக்கிறது. அத்தையின் எண் இருக்கிறது. லேப் பெண்ணின் எண்கூட இருக்கிறது.

ஜெஸ்லின்


இராயபுரம்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜெஸ்லினுக்கு,

மாமா எழுதுவது. சுகமா?

கால் புண்ணை டாக்டர் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் ஆகாது என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. தினமும் தேசப்பனோடு மீன்பிடித் துறைமுகம் வரை நடக்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு 268. இதை நான் கூட்டவில்லை. குறைக்கத்தான் பார்த்தேன், ரெஜி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

மாமா